நம்பியவரா குற்றவாளி?

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் சிற்றாலயத்தில் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் ஒரு தாய் மட்டும் வாசற்படியருகே தயங்கி நின்றார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவர், மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகுதான் வாய் திறந்தார். "சாமி, நான் செஞ்சது பாவமா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

நடந்தது இதுதான். மூன்று வாரங்களுக்கு முன், காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட லயத்துக்கு வந்த வேளையில் அவருடைய கைத்தொலைபேசி ஒலித்தது. திரையில் தெரிந்த எண் 051 என்று தொடங்கியிருந்தது. அது ஹட்டன் பகுதியின் எண். தோட்ட அலுவலகம், ஆஸ்பத்திரி, பாடசாலை, வங்கி எல்லாம் அந்த எண்ணில்தான் பேசும். ஆகவே தயங்காமல் எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் நல்ல தமிழில், "அம்மா" என்று மரியாதையாக அழைத்து, அவருடைய பெயரையும் சொன்னார். தாம் வங்கியிலிருந்து பேசுவதாகவும், அட்டையை அன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றும் கூறினார். முதலில் அட்டையின் மேலுள்ள இலக்கங்களைக் கேட்டார். பிறகு தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்த ஆறு இலக்கங்களைக் கேட்டார். தாய் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பியிருந்த ஏறத்தாழ 38,000 ரூபா அன்றே போய்விட்டது. அப்போதைய அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபா வீதம் பார்த்தால் அது 28 நாள் கூலி.

பணம் போன துயரத்தை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமற் போனது வீட்டாரின் பேச்சு. கணவர் பத்து நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. படித்த மகனோ, "யாரைக் கேட்டு நம்பரைச் சொன்னீங்க?" என்று அண்டைவீட்டார் முன்னிலையில் சத்தம் போட்டான். குவைத்திலிருக்கும் மகளுக்கு இன்னும் சொல்லவேயில்லை. குற்றம் செய்தவன் யாரோ, எங்கேயோ. குற்றவாளிக் கூண்டில் நின்றதோ இந்தத் தாய்.

"பாவமில்லை, அம்மா" என்று ஆறுதல் கூறி அனுப்பினோம். ஆயினும் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. அயலானை நம்பு என்று கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் போதிக்கிறோம். நம்பிக் கெட்டவரைக் கண்டால், ஏன் நம்பினாய் என்று அதட்டுகிறோம். இவ்விரண்டில் எது சரி? இனி யாரையும் நம்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதுதான் வழியா?

எண்ணும் பொய் சொல்லும்

முதலில், அந்தத் தாய் எதைக் கண்டு நம்பினார் என்பதை விளங்கிக்கொள்வோம். அவர் நம்பியது 051 என்ற எண்ணை.

கடிதவுறையின் பின்புறத்தில் அனுப்புகிறவரின் விலாசத்தை எழுதுவது வழக்கம். ஒருவர் கொழும்பிலிருந்துகொண்டு 'ஹட்டன்' என்று எழுதிப் பெட்டியில் போட்டால் தபாற்காரர் அது உண்மையா என்று விசாரிப்பதில்லை. பெறுகிறவரின் விலாசத்தைப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். தொலைபேசித் திரையில் தோன்றும் எண்ணும் ஏறத்தாழ அத்தகையதே. 'இன்ன எண்ணிலிருந்து வருகிறேன்' என்ற தகவலை, அழைப்பு புறப்படும் இடமே சேர்த்து அனுப்புகிறது. வந்து சேரும் இடம் பெரும்பாலும் அதை அப்படியே காட்டிவிடுகிறது. இணையத்தின் வழியாக அழைப்பெடுக்கும் சில ஏற்பாடுகளில் அந்தத் தகவலை விரும்பியபடி மாற்றி எழுத முடியும். எங்கோ கடல் கடந்த நாட்டில் இருப்பவன் 051 என்றோ, நுவரெலியாவுக்குரிய 052 என்றோ, கண்டிக்குரிய 081 என்றோ காட்டிக்கொண்டு வரலாம்.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதன்று. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்ணைக் காட்டும் போலி அழைப்புகளைத் தடுக்க இந்திய அரசு 2024 அக்டோபரில் ஒரு பொறிமுறையை ஏற்படுத்திற்று. தொடங்கிய முதல் 24 மணிநேரத்திலேயே ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அந்நாட்டுத் தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது. பொய்முகம் தரித்த அழைப்புகள் ஒரே நாளில் அத்தனை!

எண்ணைப் போலவே பெயரும் அத்தாட்சியாகாது. நம் பெயர் முகநூலில் இருக்கிறது. சீட்டிழுப்புப் படிவத்தில் இருக்கிறது. கடைக்காரரின் கொப்பியிலும் இருக்கிறது. பெயர் தெரிந்தவரெல்லாம் நம்மைத் தெரிந்தவர் அல்லர். இன்று குரலும் அத்தாட்சியாகாத நிலை வந்துவிட்டது. ஒருவரின் சிறிதளவு பேச்சுப் பதிவை வைத்துக்கொண்டே அவர் குரலில் பேசும் கணினிப் பொறிகள் வந்துள்ளன. 'உங்கள் மகன் ஆபத்தில் இருக்கிறான்' என்ற அழைப்பில் மகனின் குரலே கேட்கக்கூடும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 மார்ச்சில் தன் மக்களை எச்சரித்தது.

வேடம் பல, வித்தை ஒன்று

மோசடி அழைப்புகளின் கதைகள் வேறுவேறாக இருக்கும். கைத்தொலைபேசிக் கம்பனியின் பரிசு விழுந்திருக்கிறது, அதைப் பெறச் சிறு தொகை கட்டுங்கள் என்பது ஒன்று. தபாலில் பொதி வந்திருக்கிறது, கட்டணத்தைச் செலுத்த இந்த இணைப்பை அழுத்துங்கள் என்பது இன்னொன்று. மகன் விபத்தில் சிக்கிவிட்டான், உடனே பணம் அனுப்புங்கள் என்பது தாயின் வயிற்றில் நெருப்பை வைப்பது. ஒரே ஒரு மணி அடித்து ஓய்ந்துபோகும் வெளிநாட்டு எண்ணும் உண்டு. மகள்தான் குவைத்திலிருந்தோ கட்டாரிலிருந்தோ எடுத்தாளோ என்று பதறித் திருப்பி எடுத்தால், அதிகக் கட்டணம் அறவிடும் எண்ணில் போய் விழுந்து ரீலோட் செய்த காசெல்லாம் கரைந்துவிடும். ஜப்பானியர் இதற்கு 'வன்கிரி' என்று பெயரிட்டார்கள். ஒருமுறை ஒலித்துத் துண்டிப்பது என்பது அதன் பொருள்.

இந்தியாவில் இன்னும் கொடிய வேடமொன்று பரவியது. பொலிசார், நீதிபதி என்ற கோலத்தில் காணொளி அழைப்பில் தோன்றி, 'உம்மைக் கைது செய்திருக்கிறோம், தொலைபேசியை வைக்காதீர், யாரிடமும் பேசாதீர்' என்று வீட்டுக்குள்ளேயே ஒருவரைச் சிறைவைப்பது. 2024-இல் பஞ்சாபைச் சேர்ந்த பெரும் நெசவாலை அதிபர் ஒருவர், எண்பது வயதைக் கடந்த அனுபவசாலி, போலி உச்ச நீதிமன்ற விசாரணையொன்றைக் கண்டு பயந்து 7 கோடி இந்திய ரூபாவை இழந்தார். படிக்காத சனம்தான் ஏமாறும் என்று சொல்லுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த வேடங்களையெல்லாம் களைந்து பார்த்தால் உள்ளே மூன்று அடையாளங்கள் இருக்கும். ஒன்று, பயம் அல்லது ஆசை. இரண்டு, அவசரம்: இப்போதே, இன்று மாலைக்குள் என்ற நெருக்குதல். மூன்று, இரகசியம்: யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற கட்டளை. நேர்மையான வங்கியோ அலுவலகமோ ஒருவரை அவருடைய குடும்பத்தாரிடமிருந்து பிரித்துவைக்க வேண்டிய தேவை என்ன? இம்மூன்றும் சேர்ந்து வருமிடத்தில் எண் எதுவாயினும், குரல் யாருடையதாயினும், அங்கே வஞ்சகம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஈசாக்கு செய்த சோதனை

ஆதியாகமத்தின் 27-ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். கண்பார்வை மங்கிய முதியவரான ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவை வேட்டைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். இளையவன் யாக்கோபு, தாய் ரெபேக்காவின் யோசனைப்படி, அண்ணனின் உடையை அணிந்து, ரோமம் நிறைந்த ஆட்டுத்தோலைக் கைகளிலும் கழுத்திலும் போர்த்திக்கொண்டு வருகிறான்.

ஈசாக்கு ஒன்றும் கண்மூடித்தனமாக நம்பிவிடவில்லை. இத்தனை விரைவில் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். ஆண்டவரின் பெயரைச் சொல்லியே பொய்ப் பதில் வந்தது. குரல் இளையவனுடையதாக இருக்கிறதே என்றும் ஐயுற்றார். கையைத் தடவிப் பார்த்தார். உடையை முகர்ந்தும் பார்த்தார். இத்தனைக்குப் பிறகும் ஏமாந்தார். ஏன்? வந்தவன் கொண்டுவந்த அடையாளத்தை வைத்தே வந்தவனைச் சோதித்தார். எந்தக் கையைத் தடவுவார் என்பதை வஞ்சகம் முன்கூட்டியே அறிந்து அந்தக் கைக்கே தோல் போர்த்தியிருந்தது. ஈசாக்கு ஓர் ஏவலாளனை அனுப்பி, 'ஏசா காட்டில் இருக்கிறானா, பார்த்து வா' என்று சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

நமது தாயின் கதையும் இதுவே. திரையில் கண்ட 051 அந்த ஆட்டுத்தோல். அழைத்தவனிடமே மேலும் ஆயிரம் கேள்வி கேட்டாலும் பயனில்லை. அவன் ஆயிரம் பதில்களோடு வந்திருக்கிறான். செய்யவேண்டியது ஒன்றுதான். தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பது. அதுவே காட்டுக்கு ஆளனுப்பிப் பார்ப்பது. எண்ணைப் பொய்யாகக் காட்டி நம்மிடம் வருவது எளிது. நாம் எடுக்கும் அழைப்பைத் தன் பக்கம் திருப்புவது அவ்வளவு எளிதன்று.

சந்தேகிப்பது அன்புக்கு விரோதமா?

இங்கே நல்ல மனமுள்ளவர்களுக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. மரியாதையாகப் பேசுகிற ஒருவரை இடைமறித்துத் தொலைபேசியை வைப்பது அவரை அவமதிப்பதாகாதா? அவர் உண்மையான வங்கி ஊழியராயிருந்தால் அநியாயமாகச் சந்தேகித்த குற்றம் நம்மைச் சேராதா? அந்தத் தாயும் இதைத்தான் சொன்னார்: "நல்லா பேசுற புள்ளய எப்படி சாமி சந்தேகப்படுறது?"

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், நீதியைப் பற்றி எழுதுமிடத்தில் இந்தத் தடுமாற்றத்தை நேரே எடுத்துக்கொள்கிறார். தக்க காரணமின்றி ஒருவரைத் தீயவர் என்று தீர்ப்பிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்பது அவர் கருத்து. கெட்டவனை நல்லவன் என்று எண்ணிப் பலமுறை ஏமாந்தாலும் பரவாயில்லை, நல்லவனைக் கெட்டவன் என்று ஒருமுறை தீர்ப்பிடுவது அதனினும் தீது என்று அவர் கொள்கிறார். அவ்வளவில் நின்றுவிடாமல் ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறார். தீமைக்குப் பரிகாரம் தேடும்போது, மோசமானதே நேரக்கூடும் என்று வைத்துக்கொண்டு நடப்பது தகும். பெரிய தீங்குக்குப் போதுமான மருந்து சிறிய தீங்குக்கும் போதும். இது ஆளைத் தீர்ப்பிடுவதன்று, காவல் செய்வது.

மலைப்பாதையில் இரவில் நடக்கிறவர் இதை நன்கு அறிவார். தேயிலைக்கு இடையில் கிடப்பது கயிறாகவும் இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். பாம்பென்று வைத்துக்கொண்டு ஒதுங்கி நடந்தவர் கயிற்றுக்கு எந்த அநியாயமும் செய்துவிடவில்லை. அதுபோல, "கொஞ்சம் பொறுங்கள், நானே வங்கிக்கு எடுத்துக் கேட்கிறேன்" என்று சொல்லுகிறவர் யாரையும் பொய்யன் என்று சொல்லவில்லை. நேர்மையான ஊழியர் இதைக் கேட்டு மகிழ்வாரேயன்றிக் கோபிக்க மாட்டார். கோபித்தால் அந்தக் கோபமே அவர் யாரென்று காட்டிவிடும்.

ஆகவே நம்பிக்கைக்கும் விழிப்புக்கும் பகை இல்லை. ஆண்டவர் தம் சீடரிடம் புறாவின் கபடின்மையைக் கேட்டபோது பாம்பின் விவேகத்தையும் சேர்த்தே கேட்டார். ஆளை மதிப்போம், அழைப்பைச் சோதிப்போம். இதுவே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய பாடம்.

அப்படியானால் அந்தத் தாய் விவேகத்தில் தவறினாரல்லவா என்று கேட்கலாம். விவேகம் பிறவியில் வருவதன்று, கற்பித்து வருவது. வங்கிக் கணக்கைத் திறக்கும்போது அவரிடம் கையெழுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். இந்த ஆறு இலக்கங்கள் உமது வீட்டுச் சாவி என்று தமிழில் விளக்கியவர் இருந்தாரா? அவருக்கு வந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தி, அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. கற்பிக்கும் கடமையுள்ள நாம், குருக்களும் ஆசிரியர்களும் படித்த பிள்ளைகளும், அதைச் செய்யாதிருந்துவிட்டுக் கற்காதவரைக் குறைகூறுவது நீதியாகுமா? மனிதர் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாவிட்டால் சமூகமாகச் சேர்ந்து வாழவே முடியாது. ஆதலால் உண்மை பேசுவது நாம் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன் என்றும் அக்குவினாஸ் கூறுகிறார். அந்தக் கடனை நம்பி நின்றவர் தாய். அதைக் கொடாமல் மோசம் செய்தவன் அழைத்தவன். பாவக்கணக்கு எழுதவேண்டியது யார் பெயரில் என்பதில் ஐயமில்லை.

மறுமுனையில் இருப்பவர்

அந்த அழைத்தவன் யார்? 2024 அக்டோபரில் நமக்கு அண்மையிலேயே, கண்டிக்கருகே குண்டசாலையில் உள்ள விடுதியொன்றைப் பொலிசார் சோதனையிட்டு, இணையவழிப் பணமோசடியில் ஈடுபட்டார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் 100-க்கும் மேற்பட்ட சீன நாட்டவரைக் கைது செய்தனர். அந்த ஒரு மாதத்தில் நாட்டின் வெவ்வேறு இடங்களில் கைதானவர்கள் 200-க்கும் அதிகம். ஆக, இது தனியொரு திருடனின் கைவேலையன்று. சம்பளமும் மேற்பார்வையும் உள்ள பெருந்தொழில்.

அந்தத் தொழிலில் எல்லோரும் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது இதைவிடத் துயரமான செய்தி. தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்று, எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களில் அகப்பட்ட இலங்கையர் 2024-இல் 50-க்கும் மேற்பட்டோர். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வலுக்கட்டாயமாக மோசடி வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது.

மலையகத்தாராகிய நமக்கு இந்தக் கதை புதிதன்று. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டு இந்த மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இனிய குரலுக்கும் எழுத்தில் இல்லாத வாக்குக்கும் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை நம் முன்னோர் உடம்பால் அறிந்தார்கள். ஆகவே வெளிநாட்டு வேலை என்று வருகிற ஒவ்வொரு அழைப்பையும், அரசாங்கத்தின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறிந்த பின்னரே நம் இளைஞர் ஏற்கட்டும்.

இளைஞருக்கு இன்னுமொன்று. 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் தா, உன் அடையாள அட்டையில் ஒரு சிம் எடுத்துத் தா, இரண்டாயிரம் ரூபா தருகிறேன்' என்று கேட்பவர்கள் உண்டு. அது வாடகையன்று, திருட்டுப் பணம் போகும் வாய்க்காலுக்கு நம் முற்றத்தை வெட்டிக் கொடுப்பது. சட்டம் முதலில் பிடிப்பது அந்தக் கணக்குக்கு உரியவனைத்தான். சட்டம் பிடிக்காவிட்டாலும், எங்கோ ஒரு தாயின் 28 நாள் கூலி அதன் வழியாகப் போனதென்பதை மனச்சாட்சி மறக்குமா?

வீட்டில் செய்யவேண்டியவை

குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து சில காரியங்களை உறுதிசெய்துகொள்வது நல்லது. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கங்களை யார் கேட்டாலும், வங்கியே கேட்டாலும், சொல்வதில்லை. உண்மையான வங்கி அவற்றைக் கேட்பதுமில்லை. பணம், அட்டை, கைது, விபத்து என்ற பேச்சு வந்தால் வைத்துவிட்டு, நாம் அறிந்த எண்ணுக்கு நாமே எடுப்பது. குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை, பழைய நாயின் பெயரையோ பாட்டியின் ஊரையோ, வைத்துக்கொண்டு, ஆபத்து என்று மகனின் குரல் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேட்பது. தெரியாத வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பி எடுக்காமல், பிள்ளையின் வழக்கமான எண்ணுக்கே எடுத்துப் பார்ப்பது.

ஏமாந்துவிட்டால் ஒரு மணிநேரமும் தாமதிக்கலாகாது. உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்தச் சொல்லவேண்டும். அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறையிடலாம். நாட்டின் கணினி அவசர உதவிப் பிரிவான 'சேர்ட்' அமைப்பை 101 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை பெறலாம். இதற்கெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவும், 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பவருக்கு எந்தச் சட்டமும் உதவ முடியாது. நமது தாய் முதல் நாளே பேசியிருந்தால் ஒருவேளை பணத்தின் ஒரு பகுதியாவது தப்பியிருக்கும். அவரைப் பேசவிடாமற் செய்தது எது? வீட்டார் திட்டுவார்களே என்ற பயம். ஆகவே ஏமாந்தவரைத் திட்டுகிற ஒவ்வொருவரும், அறியாமலே அந்த வஞ்சகனுக்குக் காவல் நிற்கிறார்.

இரண்டு வாரங்களுக்குப் பின் அதே ஆலயத்தில் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. நாம் கேட்டுக்கொண்டதன்பேரில் அந்தத் தாய் எழுந்து, தமக்கு நடந்ததைத் தாமே சொன்னார். ஆரம்பத்தில் குரல் நடுங்கிற்று. சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தமக்கும் அவ்வாறே 9,000 ரூபா போயிற்று என்றார். அவருக்குப் பின் இன்னொருவர் எழுந்தார். அவர்கள் இருவரும் அதுவரை தங்கள் கணவரிடங்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை.